டிஎன்: ஒரு கிருமியின் பயணம்

சிதம்பரம் சிவகங்கைத் தீர்த்தத்தில் தோல் நோயோடு இறங்கிய சிம்மவர்மன், பொன்மேனியோடு கரையேறி இரணியவர்மன் ஆனான் என்கிறது தலபுராணம். குளத்தில் முங்கியும் குணமாகாத தொழுநோயாளிகள் கோபுர வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "காசைப் போடு, தொட்டுடாதே" என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்தத் தொழுநோய் கண்ட ஒரு தமிழ்நாட்டவரின் உடலிலிருந்து எடுத்த கிருமி கடல் கடந்தது. ஆய்வகத்தில் அதன் பெயர் 'டிஎன்'. தமிழ்நாடு என்பதன் சுருக்கம்தான். கொடுத்தவரின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் இல்லை.

1873-ல் ஹான்சன் கண்டறிந்த இக்கிருமியை இன்றுவரை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய 2 வாரம் எடுக்கும். சூடு குறைந்த உடம்புதான் அதற்குப் பிடிக்கும். அதனால் டிஎன், அர்மடில்லோவின் உடலில் வளர்ந்தது. நம் அழுங்கைப் போல ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கு அது. கொன்ற கிருமியால் தடுப்பூசி செய்து பார்க்கவும் அதையே நம்ப வேண்டியிருந்தது.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனமும் இங்கிலாந்தின் சாங்கர் மையமும் டிஎன்னின் மரபுத்தொடரை எழுத்தெழுத்தாகப் படித்தன. 2001 பிப்ரவரியில் ஸ்டூவர்ட் கோல் குழு வெளியிட்ட கணக்கு 32,68,203 எழுத்துகள். அவற்றில் புரதம் செய்யும் மரபணுக்கள் 1,604 மட்டுமே. காசநோய்க் கிருமிக்கு அவை சுமார் 4,000. டிஎன்னில் மேலும் 1,100-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் செயலிழந்து, ஆளில்லா வீடுகளாய் இடிந்து கிடந்தன. அடுத்தவர் உயிரணுவில் தலைமுறை தலைமுறையாக உண்டு, சொந்த அடுப்பையே அணைத்துவிட்ட கிருமி. தட்டில் ஏன் வளரவில்லை என்பது அப்போது ஓரளவு விளங்கியது.

எழுத்து கைக்கு வந்தபின் கிருமியை வளர்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை. கணினியில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பொறுக்கி, அவற்றின் புரதங்களை வேறு பாக்டீரியாவில் செய்து, நோயாளிகளின் இரத்தம் எதை அடையாளம் காண்கிறது என்று பார்த்தார்கள். சியாட்டில் விஞ்ஞானிகள் 4 புரதங்களை ஒன்றாகக் கோத்து 'லெப்வேக்ஸ்' என்ற தடுப்பூசி செய்தார்கள். 24 பேரிடம் நடந்த முதல் சோதனையின் முடிவு 2020-ல் வந்தது, பாதுகாப்பில் குறையில்லை. அடுத்த சோதனைக்குப் பிரேசில். 2009-லேயே பிரேசில் கிருமியை டிஎன்னுடன் ஒப்பிட்டிருந்தார்கள்: 99.995 விழுக்காடு ஒன்றுதான்.

உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்குமேல் இந்தியர். கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உணர்ச்சியற்ற தேமலைக் காட்டினால், 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை இலவசம். லெப்வேக்ஸ் அங்கே இன்னும் வரவில்லை.