டோர்செட் பார்க்கை அளந்த கோல்கள்



2005ஆம் ஆண்டில் ரொறன்ரோ மாநகர சபை 13 இடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு 'முன்னுரிமைப் பகுதிகள்' என்று பெயர் வைத்தது. மல்வேர்ன், ஜேன்-ஃபின்ச், கிங்ஸ்டன்-கலோவே, ஸ்காபரோ வில்லேஜ் என்று போகும் அந்தப் பட்டியலில் எங்கள் டோர்செட் பார்க்கும் இருந்தது. 13 இடங்களில் ஆறு ஸ்காபரோவில். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், சபை புதிய பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இம்முறை 31 இடங்கள். பட்டியல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. ஆனால் டோர்செட் பார்க் அதில் இல்லை.

அப்படியென்றால் எங்கள் பகுதி முன்னேறிவிட்டதா? கெனடி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் எவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஓம் என்பார், இன்னொருவர் சிரிப்பார். அரசாங்கம் ஒரு திட்டத்துக்கு எப்படி இலக்கு வைக்கிறது, அந்த இலக்கை எட்டியதா என்று எதைக் கொண்டு அளக்கிறது என்பது அலுவலகக்காரர்களின் விடயம் என்றுதான் நாங்கள் பொதுவாக விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த அளவுகோலில்தான் எங்கள் பிள்ளைகளின் கோடைகால வேலையும், அம்மா அப்பாவின் ஆங்கில வகுப்பும், பக்கத்துக் கட்டடத்தின் கூடைப்பந்துத் திடலும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த மாதம் அந்தக் கோலின் கதையைப் பார்ப்போம்.

இந்த நகரம் குடிவரவாளர் வாழும் இடங்களை அளக்கத் தொடங்கியது நேற்று அல்ல. இன்று நகர மண்டபமும் அதன் முன்சதுக்கமும் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் 'த வார்ட்' என்ற நெரிசலான குடியிருப்பு இருந்தது. யூதர், இத்தாலியர், சீனர், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த கறுப்பினத்தவரின் வழிவந்தோர் என்று, வந்து இறங்கிய ஏழைகள் எல்லோருக்கும் அதுதான் முதல் வாசல். 1911இல் நகரின் சுகாதார அதிகாரி டாக்டர் சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் வீடு வீடாக ஆய்வு செய்வித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். எத்தனை குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம், எத்தனை வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை என்பவைதான் அதில் எண்ணப்பட்டன. எண்ணிய பிறகு நகரத்தால் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. 1914இல் மாநகர ஆய்வுப் பணியகம் என்ற தனியார் அமைப்பும் உருவானது. வரிப்பணம் எங்கே போகிறது, அதற்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதே அதன் வேலை. 1918இல் அது வார்ட் பற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு, வார்ட் ரொறன்ரோவை என்ன செய்யப்போகிறது என்று கேட்டது! கேள்வி எந்தப் பக்கமிருந்து கேட்கப்படுகிறது என்று பாருங்கள். ஏழைகள் வாழும் இடத்தை அளப்பவருக்கு அவர்கள் மேல் இரக்கமும் இருக்கலாம், பயமும் இருக்கலாம். இரண்டும் ஒரே அறிக்கையில் இருக்கவும் கூடும்.

1938இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ரிட்லி, ஹேர்பர்ட் சைமன் என்ற இருவர் மாநகர சபைகளின் வேலையை அளப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். சைமன் பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் வற்புறுத்தியதை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: தீயணைப்புப் பிரிவிடம் எத்தனை வண்டி இருக்கிறது என்பது முயற்சி, ஊரில் எவ்வளவு எரிந்து போயிற்று என்பது பலன். முயற்சியை எண்ணிவிட்டு அதையே பலன் என்று சொல்லக்கூடாது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அரசாங்க அறிக்கைகள் பலவற்றில் இந்த இரண்டும் இன்னும் கலந்தே கிடக்கின்றன.

கனடாவுக்கு வருவோம். 1989 நவம்பர் 24ஆம் திகதி, ஒட்டாவா நாடாளுமன்றம் எட் பிரோட்பென்ற் கொண்டுவந்த தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. 2000ஆம் ஆண்டுக்குள் சிறுவர் வறுமையை ஒழிக்க முயல்வோம் என்பது அதன் சாரம். அப்போது எங்களில் பலர் வந்து இறங்கிய புதிது; அடித்தளத்தில் ஒரு அறை, இரண்டு வேலை. 2000ஆம் ஆண்டு வந்தது, போனது, வறுமை போகவில்லை. அந்தத் தீர்மானம் நிறைவேறியபோது 'வறுமை' என்றால் என்ன என்பதற்கே நாட்டில் உத்தியோகபூர்வமான கோடு கிடையாது. ஆளுக்கொரு கோட்டைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். கூடை அளவு எனப்படும், ஒரு குடும்பம் வாழத் தேவையான பொருட்களின் விலையைக் கொண்டு கணிக்கும் கோட்டைக் கனடா உத்தியோகபூர்வமாக எடுத்துக்கொண்டது 2018இல்தான். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. இலக்குக்கும் அளவுகோலுக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

ஒன்ராறியோ இதில் கொஞ்சம் துணிச்சலாக நடந்தது என்று சொல்லவேண்டும். 2008 டிசம்பரில், ஐந்து ஆண்டுகளில் சிறுவர் வறுமையை 25 சதவீதம் குறைப்போம், அதாவது 90,000 பிள்ளைகளை வறுமையிலிருந்து மீட்போம் என்று மாகாண அரசு எழுத்தில் கொடுத்தது. ஆண்டுதோறும் அறிக்கை வைக்கவேண்டும் என்று 2009இல் சட்டமும் செய்தது. இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் எட்டப்படவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு 1989இன் தீர்மானத்தைவிட இந்தத் தோல்வி மேலானதாகவே படுகிறது.

இனி எங்கள் பகுதி. 2004இல் யுனைட்டட் வே நிறுவனம் வெளியிட்ட ஆய்வு ஒன்று நகரை உலுக்கியது. வறுமை கூடிய குடியிருப்புப் பகுதிகள் 1981இல் 30 ஆக இருந்தவை, 2001இல் 120 ஆகியிருந்தன. அவற்றில் கணிசமானவை நகர மையத்தில் அல்ல, ஸ்காபரோ, நோர்த் யோர்க் போன்ற பழைய புறநகர்களில் இருந்தன. 1950களில் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட இடங்கள் இவை. பின்னர் பெருவீதிகளின் ஓரங்களில் மாடிக்கட்டடங்கள் எழுந்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாடகை கட்டுப்படியாகும் இடம் தேடி நாங்கள் அங்கே போனோம். சேவை நிலையங்களோ நகர மையத்திலேயே இருந்துவிட்டன. ஆள் இங்கே, உதவி அங்கே! ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹல்ச்சான்ஸ்கியின் ஆய்வும் பின்னர் இதையே வேறு விதமாகக் காட்டியது: நகரில் நடுத்தர வருமானப் பகுதிகள் 1970இல் 66 சதவீதம், 2005இல் 29 சதவீதம்.

இந்தப் பின்னணியில்தான் நகரமும் யுனைட்டட் வேயும் சேர்ந்து ஒரு செயற்குழு அமைத்தன. எங்கே தேவை கூட, ஆனால் நடந்து போகும் தூரத்தில் சேவை குறைவு என்று அது பார்த்தது. நகரபிதா டேவிட் மில்லர் காலத்துப் பாதுகாப்புத் திட்டம் வழியாகவும் சில பகுதிகள் பட்டியலுக்கு வந்தன. ஆக, சேவைக் குறைவு ஒரு காரணம், துவக்குச் சூடு இன்னொரு காரணம். 2005ஆம் ஆண்டு துவக்குக் கொலைகளால் நகரம் கலங்கிப் போயிருந்த ஆண்டு என்பதை மறந்துவிடக்கூடாது.

பட்டியலில் இருந்தால் பணம் வந்தது. 2006இல் மாகாணம் 15 மில்லியன் டொலருடன் தொடங்கிய இளைஞர் சவால் நிதி, கால்பந்து வீரர் மைக்கல் 'பின்பால்' கிளெமன்ஸ் தலைமையில், இந்த 13 பகுதிகளின் இளைஞர்களுக்கே என்று ஒதுக்கப்பட்டது. தனியார் நன்கொடையும் பின்னர் சேர்ந்தது. யுனைட்டட் வேயின் உதவியால் சமூக மையங்கள் எழுந்தன. கெனடி வீதியில் உள்ள டோர்செட் பார்க் மையம் அவற்றில் ஒன்று. வீதிக்கு அந்தப் பக்கம், எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த பிள்ளைக்கு அந்த நிதி இல்லை. கோடு கீறினால் அப்படித்தான்.

பட்டியலில் இருந்தால் பொலிசும் வந்தது. 2006இல் தொடங்கிய தவிஸ் என்ற சிறப்புப் படை இப்படியான பகுதிகளில்தான் கூடுதலாகச் சுற்றியது. கைதுகள் எத்தனை, பிடிபட்ட துவக்குகள் எத்தனை என்று அறிக்கை வந்தது. இளைஞர்களைத் தெருவில் மறித்துப் பெயர் விபரம் எழுதும் அட்டைகளும் குவிந்தன. அட்டையை எண்ணுவது சுகம். ஒரு பதினாறு வயதுப் பெடியன் பொலிசில் நம்பிக்கை இழந்ததை எந்தப் பெட்டியில் குறிப்பது? பத்திரிகைகள் தோண்டி எடுத்து, சமூக அமைப்புகள், அதிலும் முக்கியமாகக் கறுப்பினச் சமூகத்தினர், ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 2017இல் மாகாணம் அந்த அட்டை முறைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தவிஸ் படையும் அக்காலத்திலேயே கலைக்கப்பட்டது.

2014இல் கோல் மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் கோபே நிலையம் உருவாக்கிய 'அர்பன் ஹார்ட்' என்ற கருவியை, சென்ற் மைக்கல் மருத்துவமனை ஆய்வாளர்கள் ரொறன்ரோவுக்கு ஏற்றபடி அமைத்தார்கள். நகரின் 140 பகுதிகளுக்கும் 15 அளவீடுகள். வேலையின்மை, குறைந்த வருமானம், உயர்பள்ளிப் படிப்பை முடித்தோர், நகரசபைத் தேர்தலில் வாக்களித்தோர், நடைவசதி, நல்ல உணவுக் கடை, பசுமை வெளி, நீரிழிவு, மனநலம், அகால மரணம் என்று போகும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் புள்ளி போட்டு, 42.89க்குக் கீழே வந்த பகுதிகள் பட்டியலுக்குள். மேலே நின்றவை வெளியே.

இரண்டு தசமத்தானம்வரை துல்லியம்! கருவி மோசமானது என்று நான் சொல்லவில்லை. 2005இன் முறையைவிட இது அகலமானது. நீரிழிவையும் மனநலத்தையும் கணக்கில் எடுத்தது எங்கள் சமூகத்துக்குப் பெரிய விடயம். ஆனால் முதற் பட்டியல் முக்கியமாகச் சேவை இல்லாமையை அளந்தது, இரண்டாவது வேறு பலவற்றை அளந்தது. எல்லைகளும் அதே எல்லைகள் அல்ல. ஆகவே டோர்செட் பார்க் பட்டியலிலிருந்து போனதை வைத்துக்கொண்டு, ஒன்பது ஆண்டு வேலை பலன் தந்தது என்றும் சொல்ல முடியாது, தரவில்லை என்றும் சொல்ல முடியாது. பிள்ளையின் உயரத்தை ஒரு வருடம் அடியிலும் அடுத்த வருடம் மீற்றரிலும் அளந்துவிட்டு வளர்ச்சி பேசுவது போன்றது. மாற்றித் தரும் கணக்காவது அங்கே உண்டு. இங்கே அதுவும் இல்லை. கோல் மாறினால் என்ன நடக்கும் என்பது 1970களின் தரப்படுத்தலைக் கண்ட தலைமுறைக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பட்டியலை விட்டுப் போனது நல்லதே என்று நினைத்தவர்களும் இருக்கக்கூடும். 'பிரச்சினையான ஏரியா' என்ற பெயரோடு வீடு விற்பதும் சுலபமில்லை, வேலைக்கு விலாசம் எழுதுவதும் சுலபமில்லை.

இன்னொரு விடயம். எந்தக் கோலானாலும், அதற்கு அடியில் குடிசன மதிப்பீடு இருக்கிறது. 2010இல் ஒட்டாவா அரசு நீண்ட படிவத்தைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது. புள்ளிவிபரத் திணைக்களத்தின் தலைவர் முனீர் ஷேக் பதவி விலகினார். 2006இல் நூற்றுக்கு 94 பேர் அளவில் நிரப்பிய படிவத்துக்குப் பதிலாக வந்த 2011ஆம் ஆண்டின் விருப்பப் படிவத்தை 69 பேர் அளவில்தான் நிரப்பினார்கள். நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறிய ஊர்களின் தகவலை வெளியிடவே முடியவில்லை. இப்படியான படிவங்களை நிரப்பாமல் விடுபவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் புதிதாக வந்தவர்களும்தான். 2014இன் பட்டியல் தயாரானது இந்த மங்கலான காலத்தில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2015 முடிவில் புதிய அரசு நீண்ட படிவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது.

எங்கள் ஆட்கள் படிவத்துக்குப் பயந்ததில் நியாயம் இருந்தது. கொழும்பில் பொலிஸ் பதிவு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் எண்ணப்படாமல் போவது என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். 2009 தொடக்கத்தில் வன்னியில் அகப்பட்டிருந்த மக்கள் ஒரு இலட்சத்துக்கும் குறைவு என்று இலங்கை அரசு சொன்னது. அங்கிருந்த உதவி அரசாங்க அதிபர் மூன்று இலட்சத்துக்கும் மேல் என்று கணக்குக் கொடுத்தார். அரிசியும் மருந்தும் போனது அரசின் கணக்குக்கு. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர். அந்தக் குறைத்த எண்ணைப் பற்றி ஐ.நா. நிபுணர் குழு 2011இல் விரிவாக எழுதியது.

கனடாவின் புள்ளிவிபரச் சட்டப்படி குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் நீங்கள் எழுதுவதைப் பொலிசுக்கோ குடிவரவுத் திணைக்களத்துக்கோ வரித் திணைக்களத்துக்கோ கொடுக்க முடியாது. பெயரோடு கூடிய விபரம் 92 ஆண்டுகளுக்குப் பூட்டப்பட்டிருக்கும். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மாவின் பெயரும் அந்தப் படிவத்தில் வரவேண்டும். வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் தமிழ் என்றே எழுதுங்கள்; ஒரு பகுதியில் எந்த மொழியில் சேவை வேண்டும் என்று பார்ப்பவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

டோர்செட் பார்க்கின் விபரத்தாளை மாநகர சபை குடிசன மதிப்பீட்டிலிருந்து எடுத்து எவரும் பார்க்கக்கூடியதாக வைத்திருக்கிறது. வருமானம், வாடகை, மொழி, படிப்பு எல்லாம் அதில் உண்டு. அடுத்த முறை ஏதாவது ஒரு நிலையம் இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் பேருக்குச் சேவை செய்தோம் என்று கூட்டத்தில் சொன்னால், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் வகுப்பை முடித்தார்கள், வராமல் விட்டவர்கள் யார் என்று எழுந்து கேளுங்கள். கூட்டத்தில் தமிழில் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.