தேவராஜ மொஹல்லாவில் உண்டவர் வரலாறு

அரசர்களின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அரண்மனைகளின் வரலாறு நூல்களில் கிடைக்கிறது. உணவு விடுதிகளின் வரலாறோ எழுதப்படும்போதெல்லாம் அவற்றை நடத்தியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அங்கே சென்று அமர்ந்து உண்டவர்களின் வரலாற்றை எழுதுவார் இலர். மைசூருக்குப் பிழைப்பைத் தேடி வந்த தமிழர் பலர் இந்நகரில் முதன்முதலாகக் கைநனைத்தது உறவினர் வீட்டில் அன்று. தேவராஜ மொஹல்லாவின் ஓர் ஓட்டலில்தான். ஆதலால் நம் சங்கத்தின் ஆண்டு மலரில் அந்த வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும் எனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

இடமும் பெயரும்

மொஹல்லா என்பது அரபு மொழியிலிருந்து உருது வழியே வந்த சொல். குடியிருப்புப் பகுதி என்பது அதன் பொருள். கோட்டை, லஷ்கர், மண்டி, கிருஷ்ணராஜ, நஜர்பாத் எனப் பல மொஹல்லாக்களாகப் பகுக்கப்பட்டது பழைய மைசூர் நகரம். அவற்றுள் வாணிகத்தின் நடுவிடமாக விளங்குவது தேவராஜ மொஹல்லா. பரோடா மன்னரின் பெயர் தாங்கிய சயாஜி ராவ் சாலையும், பூவும் பழமும் குங்குமமும் குவிந்து கிடக்கும் தேவராஜ மார்க்கெட்டும், 1886-இல் டஃபரின் பிரபு வந்து சென்றதன் நினைவாக எழுந்த சிறிய மணிக்கூண்டும் இங்குள்ளன. தேவராஜ அரசு சாலையும் இங்கேதான் உள்ளது. அச்சாலை 1970களில் முதலமைச்சராக இருந்த தேவராஜ அரசின் பெயரைத் தாங்கியது. மொஹல்லாவின் பெயரோ அவருக்கு மிகவும் முற்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பிழை நம் பிள்ளைகளிடம் காணப்படுவதால் இங்கே குறித்தோம்.

சத்திரத்திலிருந்து ஓட்டலுக்கு

சோற்றை விலைக்கு விற்பது நம் முன்னோருக்கு உவப்பான செயலாக இருந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி ஆறுபோல் தெருவில் ஓடியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. அச்சோறு வந்தவர்க்கெல்லாம் வழங்கப்பட்ட சோறு. பிற்காலத்தில் வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் எழுந்தன. மைசூரிலும் நஞ்சராஜ பகதூர் சத்திரம் போன்ற கட்டடங்கள் அந்த மரபை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன. ஆயினும் சத்திரத்தில் உண்டவன் விருந்தினன். கிடைத்ததை உண்டு வாழ்த்திச் செல்ல வேண்டியவன். சோறு குழைந்தது என்றோ, குழம்பு புளித்தது என்றோ சொல்ல அவனுக்கு உரிமை இல்லை.

இந்நிலையை மாற்றியவை பல. பெங்களூரிலிருந்து மைசூருக்கு 1882-இல் இரயில் வந்தது. 1897-இல் பழைய அரண்மனை தீப்பட்டு அழிந்ததும் ஹென்றி இர்வின் வகுத்த புதிய அரண்மனை 1912 வரை கட்டப்பட்டது. 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. எழுத்தர், ஆசிரியர், மாணவர், கைவினைஞர், வழக்குக்காக வந்த குடியானவர் என வீட்டுச் சோறு கிட்டாத பெருங்கூட்டம் ஒன்று நகரில் பெருகிற்று. அவர்களுக்காகக் காப்பி கிளப்புகள் எழுந்தன. அவற்றைத் தொடர்ந்து உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்களின் ஓட்டல்கள் எழுந்தன. உடுப்பிக் கிருட்டிணன் கோயிலின் மடைப்பள்ளி மரபில் வந்த அச்சமையல் தென்னாடு முழுவதும் பரவியது. அவர்களுள் ஒருவரான சீதாராம ராவ் 1920களில் மைசூரில் தொழில் தொடங்கிப் பின்னர்த் தாசப்பிரகாஷ் என்னும் பெயரைச் சென்னை வரை கொண்டு சென்றார். காந்திச் சதுக்கத்தை அடுத்து இன்றும் அப்பெயரைக் காணலாம்.

காசு கொடுத்து உண்பவன் விருந்தினன் அல்லன், வாடிக்கையாளன். "இன்னும் சிறிது சூடாகக் கொண்டு வா" என்று சொல்லும் துணிவு அவனுக்கு உண்டு. சுவை பிடிக்காவிடில் மறுநாள் எதிர்க்கடைக்குப் போகலாம். இது சிறிய மாற்றமாகத் தோன்றும். ஆனால் பிறர் கொடுத்ததை உண்டு பழகிய சமுதாயத்தில், தான் விரும்பியதைக் கேட்டு வாங்கி உண்ணும் மனிதன் தோன்றியது சிறிய செய்தி அன்று.

பலகையும் பந்தியும்

காசு கொடுத்தவர் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்தனரா எனில், இல்லை என்பதே விடை. அந்நாளில் தென்னாட்டு நகரங்கள் பலவற்றில் ஓட்டல் வாயிலில் சாதிப் பெயர் எழுதிய பலகை தொங்கியது. உள்ளே ஒரு சாராருக்குத் தனியறை, மற்றவர்க்கு வெளிக்கூடம், சிலருக்கு அதுவும் இல்லை. புலால் உணவு விற்ற கடைகள் "மிலிட்டரி ஓட்டல்" என்னும் பெயரில் ஒதுங்கி நின்றன. பலகையைப் படித்தே, தான் எங்கே அமரலாம் எங்கே அமரலாகாது என்பதை வழிப்போக்கன் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எம் தந்தையார் தலைமுறையினர் சொல்லக் கேட்ட செய்தி ஒன்று உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழர் ஒருவர் பசியோடு ஓர் ஓட்டலில் நுழைந்தாராம். இலை போடும் முன் பரிமாறுபவர் அவரது ஊரைக் கேட்டார். பின் குலத்தைக் கேட்டார். விடை சொல்ல நாணிய அவர், பசி இல்லை என்று கூறி எழுந்து வந்து மார்க்கெட்டில் நான்கு வாழைப்பழங்களை வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தாராம். அந்த ஓட்டலின் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம், "அன்றைக்கு எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்று மட்டும் சொல்வாராம்.

இந்நிலை தானாக மாறவில்லை. தமிழகத்தில் பெரியார் முதலியோரின் இயக்கத்தின் பயனாக இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல் நீங்கியது. 1957-இல்கூடச் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த சாதிச் சொல்லை அகற்றக் கோரி மறியல் நடந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, 1950 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. கடைகள், பொது உணவு விடுதிகள், ஓட்டல்கள் ஆகியவற்றில் நுழையச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கலாகாது என்று அதன் 15-ஆம் பிரிவு கூறுகிறது. தீண்டாமை காரணமாக இடம் மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1955-இல் வந்தது.

அப்பட்டியலின் கடைசிச் சொல்லை நம் சங்கத்தினர் ஊன்றி நோக்க வேண்டும். பிறப்பிடம் என்பது அச்சொல். ஓட்டலில் சாதி கேட்கலாகாது என்ற அதே விதி, எந்த ஊரான் என்று கேட்டு விலக்குவதையும் தடுக்கிறது. சாதிக் கொடுமைக்கு எதிராக எழுந்தவர்கள் பெற்றுத் தந்த உரிமையில், வந்தேறிகளாகிய நமக்கும் பங்கு கிடைத்தது.

நாவும் நாடும்

புதிதாக வந்த தமிழருக்கு ஓட்டல் மேசையே கன்னடப் பள்ளியாகவும் இருந்தது. அவர் முதலில் கற்ற சொற்கள் மூன்று: பேக்கு, பேடா, சாக்கு. வேண்டும், வேண்டா, போதும் என்பன அவற்றின் பொருள். வேண்டா என்பதும் பேடா என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அறிய இலக்கண நூல் தேவையில்லை; இரண்டாம் முறை சோறு வட்டிக்க வரும்போது கையை மறித்துச் சொல்லிப் பார்த்தாலே விளங்கும். நம் பால் அங்கே ஹாலு. நம் புளி அங்கே ஹுளி. அந்த ஹுளி என்பதே அவர்கள் வீட்டுக் குழம்பின் பெயருமாகும். நாம் இரசம் என்பதை அவர்கள் சாரு என்பர். சாறு என்னும் நம் சொல்லை அதில் காணலாம்.

சுவையில் மட்டும் நம்மவர் எளிதில் இணங்கவில்லை. சாம்பாரில் வெல்லம் இட்டிருப்பதைக் கண்டு முதல் நாள் முகம் சுளிக்காத தமிழர் இலர் எனலாம். "பாயசத்தில் பருப்பைப் போட்டுவிட்டார்களோ!" என்று எம் வீட்டுப் பெரியவர் ஒருவர் நகையாடுவார். முப்பது ஆண்டுகள் கழிந்து ஊருக்குச் சென்றபோது அவரே, "இங்கே சாம்பாரில் ஏதோ குறைகிறது" என்று கூறினார். இட்டலி நம்முடையது என்று வாதிட்டவர்களும் உண்டு. கி.பி. 920 அளவில் எழுந்த வட்டாராதனை என்னும் கன்னட நூலில் இட்டலிகே என்னும் பெயர் காணப்படுகிறது என்று கன்னட நண்பர்கள் எடுத்துக் காட்டியபின் அவ்வாதம் அடங்கிற்று. செம்மிளகாய்ச் சட்டினி தடவிய மசாலா தோசைக்கு மைசூரின் பெயரையே உலகம் சூட்டிவிட்டதால், அதில் வழக்காட இடமே இல்லை.

அரண்மனை மடைப்பள்ளியில் காகாசுர மாதப்பா என்பவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் கொண்டு ஆக்கிய இனிப்பே மைசூர்ப் பாகு என்பர். அவ்வினிப்பு எல்லோர்க்கும் கிட்டவேண்டும் என்று மன்னர் விரும்பியதால் அரண்மனைக்கு வெளியே கடை தோன்றியது என்பது அவர் வழியினர் கூறும் செய்தி. சயாஜி ராவ் சாலையில் மார்க்கெட்டை ஒட்டி அவ்வழியினரின் குரு ஸ்வீட் மார்ட் இன்றும் நடைபெறுகிறது. மன்னன் உண்டதைக் கூலிக்காரனும் சில காசுகளுக்கு வாங்கி உண்ணலாம் என்பதே கடை என்னும் அமைப்பின் சிறப்பு.

பெண்டிர் இவ்வரலாற்றில் காலந்தாழ்ந்தே வருகின்றனர். ஓட்டலில் உண்பது குடும்பப் பெண்ணுக்கு அழகன்று என்று கருதிய காலம் அது. ஆடவர் ஓட்டலுக்குப் போவர். மனைவிக்கும் மக்களுக்கும் தூக்கில் காப்பியும் இலையில் பொட்டலமும் வரும். பின்னர்க் குடும்ப அறை என்னும் தடுப்பு வந்தது. அரைக் கதவுக்குப் பின்னால் அமர்ந்து, வெளியே கேட்கும் குரல்களைக் கேட்டவண்ணம் தோசை தின்றதை நம் தாய்மார் பலர் இன்றும் நினைவுகூர்வர். இன்று நம் பெண்மக்கள் கல்லூரி முடிந்து தோழியருடன் வந்து நடுக்கூடத்தில் அமர்கின்றனர். அந்த அரைக் கதவு எப்போது கழன்றது என்பதை எந்த ஏடும் குறிக்கவில்லை.

உண்டவர்களுள் எழுதியவர் ஒருவரையாவது நாம் குறிப்பிட்டாக வேண்டும். 1906-இல் சென்னையில் பிறந்து மைசூரை வாழிடமாகக் கொண்ட ஆர். கே. நாராயண் இந்நகரத் தெருக்களில் நாள்தோறும் உலாவி, கண்டவரோடெல்லாம் உரையாடியவர். காப்பியின் மீது தீராத பற்றுடையவர். அவருடைய மால்குடியில் பெயர்ப்பலகையே இல்லாத ஓர் ஓட்டல் வருகிறது. சாதி எழுதிய பலகைகளைக் கண்ட தலைமுறை அந்தக் கற்பனையைப் படிக்கும்போது உள்ளூர மகிழ்ந்திருக்கும் என்றே எமக்குத் தோன்றுகிறது.

இன்று

1980களில் பெங்களூரில் தோன்றிய நின்று உண்ணும் தர்ஷினிகள் இங்கும் பரவின. புதுமோஸ்தர் காப்பிக் கடைகளும் மதுக்கூடங்களும் வந்துள்ளன. தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. அதனை இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்ற வாதம் எழுந்தது. கட்டடம் பழுதடைவதைக் கண்ணால் காணலாம். பந்தி பழுதடைவது கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. 1991 டிசம்பரில் காவிரி நீர்ச் சிக்கலால் கலவரம் மூண்டபோது, பழகிய ஓட்டலுக்குச் செல்லவும் தாய்மொழியில் பேசவும் நம்மவர் அஞ்சிய நாட்கள் இருந்தன. அந்நாட்களிலும் வழக்கமான நேரத்தில் வராத வாடிக்கையாளர் என்ன ஆனாரோ என்று வீடு தேடி வந்து விசாரித்த கன்னட அன்பர்களை நாம் மறக்கலாகாது. அவர்களுள் ஓட்டலில் பரிமாறியவர்களும் இருந்தனர்.

இந்நாட்டில் "பை டூ" என்றொரு வழக்கம் உண்டு. ஒரு காப்பியைக் கேட்டு இரு குவளைகளில் பகிர்ந்து தரச் சொல்லலாம். கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. தமிழகத்தில் நாம் அதிகம் காணாத வழக்கம் இது. சிக்கனத்துக்காகத் தோன்றியதாயினும், தனியே குடிப்பதைவிட இன்னொருவரோடு குடிப்பதே முறை என்பதை அது பழக்கிவிடுகிறது.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து முதியோர் தம் முதல் நாள் எங்கே உண்டனர், யார் பரிமாறினர், என்ன கேட்டனர் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். அவ்வோட்டல் இன்னும் இருக்குமாயின் அவரையே அங்கு அழைத்துச் செல்லுங்கள். அண்டை வீட்டுக் கன்னட நண்பரையும் உடன் அழையுங்கள். நான்கு பேருக்கு இரண்டு காப்பி போதும்.