வாயும் இரு கையும்: மூளையின் இயக்க வரிசை குறித்த ஆய்வு வரலாறு

இலங்கை மலையகத்தில், கினிகத்தேனைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், மூளை ஆய்வின் கடினமான கேள்வி ஒன்று கண்முன் நிற்கும். வலக்கை ஒரு கிளையில் இரண்டு இலையும் மொட்டும் கிள்ளும்போது இடக்கை வேறொரு கிளையில் அதையே செய்கிறது. கை நிறைந்ததும் கொழுந்து முதுகுக் கூடைக்குப் போகிறது. இதற்கிடையில் பக்கத்து நிரைக்காரியோடு வீட்டுக் கதையும் நடக்கிறது. இரண்டு கைகளும் ஒரு வாயும் ஒன்றையொன்று இடறாமல் ஓடுகின்றன. பேச்சு மூளையில் எங்கே இருக்கிறது என்று தொடங்கிய ஆய்வு, மூளை அசைவுகளை எந்த வரிசையில் கோக்கிறது என்ற கேள்விக்கு வந்து சேர ஏறத்தாழ நூறாண்டு ஆனது. அங்கே கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் கைகளைப் பற்றிய ஆய்வுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தை 1861 என்று வைப்பது வழக்கம். இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடுவதற்கு 6 ஆண்டுகள் முந்திய காலம் அது. பாரிஸில் பால் புரோக்கா, லெபோர்ன் என்ற நோயாளி இறந்தபின் அவருடைய மூளையைத் திறந்து பார்த்தார். 'டான்' என்ற ஓரசையைத் தவிர லெபோர்னால் அநேகமாக எதுவும் சொல்ல முடிந்ததில்லை. ஆனால் பிறர் சொல்வது அவருக்கு விளங்கியது. இடது நெற்றி மடலில் சிதைவு இருந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே, சொல்லை விளங்கிக்கொள்ளும் பகுதி பின்னே பொட்டு மடலில் இருப்பதாகக் காட்டினார். பாடநூல் படங்களில் இன்றும் இந்த இரண்டு வட்டங்களைக் காணலாம். லெபோர்னைப் பற்றிய இரண்டு செய்திகள் அந்தப் படங்களில் இல்லை. அவர் செருப்புத் தைப்போருக்கு மர அச்சுச் செய்த கைவினைஞர். பேச்சு போய்ப் பல ஆண்டுகள் கழித்து அவருடைய வலக்கையும் செயலிழந்தது. வாயும் கையும் ஒரே பக்கத்து மூளையில் அடுத்தடுத்துப் பழுதானதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவர் ஹியூகோ லீப்மன். 1900இல் அவர் விவரித்த அரசு அலுவலருக்குக் கையில் வாதம் இல்லை, சொன்னதும் விளங்கியது. ஆனாலும் சொன்ன செயலை வலக்கையால் செய்ய முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் லீப்மன் இன்னொன்றையும் கண்டார்: இடது மூளை சிதைந்து வலப்பக்கம் செயலிழந்தவர்கள் பலருக்கு, வாதமே தாக்காத இடக்கையும் பழகிய வேலைகளில் தடுமாறியது. தேர்ந்த அசைவுகளின் திட்டம் இரண்டு கைகளுக்கும் பெரிதும் இடது மூளையிலிருந்தே வருகிறது என்பது அவர் முடிவு. பேச்சும் அதே பக்கம். என் கணிப்பில் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இங்கேதான். புரோக்காவின் புகழ் இதை மறைத்துவிட்டது.

1951இல் இரண்டு வெளியீடுகள். கார்ல் லாஷ்லி, ஓர் அசைவு முடிந்து அதன் உணர்வு மூளைக்குத் திரும்பிய பிறகே அடுத்தது தொடங்கும் என்ற சங்கிலிக் கொள்கையை உடைத்தார். இசைக்கருவி வாசிப்பவரின் விரல் விநாடிக்கு 16 தட்டு வரை போகும். அந்த வேகத்தில் உணர்வு போய்த் திரும்ப நேரமில்லை. ஆகவே வரிசை முழுவதும் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும், பேச்சிலும் அப்படியே. அதே ஆண்டில் வைல்டர் பென்ஃபீல்டும் வெல்ச்சும், இரு அரைக்கோளங்களும் எதிர்கொள்ளும் உட்சுவரில் உள்ள துணை இயக்கப் பகுதியை விவரித்தார்கள். அங்கே மின்தூண்டல் கொடுத்தால் நோயாளி தன்னையறியாமல் குரலெழுப்புவார், அல்லது பேசிக்கொண்டிருந்தவர் பேச்சு நின்றுவிடும்.

அந்தப் பகுதி கைகளுக்கு என்ன செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. 1977இல் லாப்லானும் சகாக்களும் அது அறுவையில் அகற்றப்பட்ட நோயாளிகளை விவரித்தனர். முதலில் பேச்சும் அசைவும் அடங்கின; நாளடைவில் இரண்டும் மீண்டன. மீளாமல் நின்றது ஒன்றே: இரண்டு கைகளும் மாறி மாறி வேறு வேறு அசைவு செய்யும் திறன். 1984இல் பிரிங்மன் குரங்குகளில் இதைச் சோதித்தார். துளையில் இருக்கும் தீனியை ஒரு கை மேலிருந்து தள்ள, மறுகை கீழே ஏந்த வேண்டும். அந்தப் பகுதி பழுதான குரங்கின் இரு கைகளும் ஒரே அசைவைச் செய்தன. 1994இல் தாஞ்சியும் ஷிமாவும், தள்ளு, இழு, திருப்பு என்ற மூன்று செயல்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வரப்போகும்போது மட்டும் இயங்கும் நரம்பணுக்களை அங்கே கண்டார்கள்.

இதற்குப் பின் ஆய்வில் பழைய வட்டங்கள் படிப்படியாகக் கலைந்தன. 2007இல் நீனா டிரான்கர்ஸ் குழு பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்னின் மூளையை எம்.ஆர்.ஐ. வழியே பார்த்து, சிதைவு புரோக்கா சொன்ன இடத்தைக் கடந்து உள்ளே ஆழமாகப் போயிருப்பதைக் காட்டியது. 2023இல் ஓர் அமெரிக்கக் குழு, கால், கை, வாய் என்று அடுத்தடுத்து வரையப்பட்ட இயக்கப் பட்டையின் இடையிடையே, எந்த ஓர் உறுப்புக்கும் சொந்தமில்லாமல் செயல் திட்டமிடலோடு இணைந்த பகுதிகள் இருப்பதாக அறிவித்தது.

கினிகத்தேனை போன்ற ஊர் இந்த வரலாற்றுக்குக் கூடுதலாக ஒரு கேள்வியைத் தருகிறது. கடைத்தெருவில் சிங்களம், லயத்தில் தமிழ் என்று நாள் முழுவதும் இரண்டு மொழிகளில் புழங்குபவருக்குப் பாரிசவாதம் வந்தால் எந்த மொழி முதலில் திரும்பும்? முதலில் கற்றது என்றார் ரிபோ, 1881இல்; நோய்க்கு முன் அதிகம் புழங்கியது என்றார் பிட்ர், 1895இல். பிற்காலத்து நோயாளிகள் இரண்டு விதிக்கும் முழுமையாக அடங்கவில்லை. சிலருக்கு இரண்டும் ஒன்றாகத் திரும்பின, சிலருக்கு ஒன்று மட்டுமே. பேச்சே வராதவர் பாடவும், எண்ணவும், பழகிய வழிபாட்டுச் சொல்லை உரக்கச் சொல்லவும் கூடும் என்பதை ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். 1973இல் உருவான இசைவழிப் பேச்சுப் பயிற்சி அந்தத் தடத்தில் போய், இடக்கையால் தாளம் தட்டச் செய்தே சொல்லை வெளியே கொண்டுவர முயல்கிறது.

ஆகவே மலையகத்து நோயாளியை ஒரே மொழியில் சோதித்துவிட்டு, 'பேச்சு போய்விட்டது' என்று எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான். தமிழிலும் சிங்களத்திலும் கேட்க வேண்டும். பாடச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளுக்கும் வேறு வேறு வேலை கொடுத்தும் பார்க்க வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால், வீட்டார் கேட்கச் சொல்ல வேண்டும்.