பள்ளத்துல ஒட்டாத எழுத்து: ஆவடி வண்டிகளும் ஸ்டிக்கர் ஒட்டுற கையும்

இந்த எபிசோடுல நாம பேசப்போறது ஒரு சின்னப் பள்ளத்தைப் பத்தி. ரோட்டுல இருக்கிற பள்ளம் இல்லைங்க, அதுக்குத் தனியா ஒரு சீசனே போடலாம். இது வண்டியோட பக்கவாட்டுத் தகட்டுல இருக்கிற பள்ளம்.

அடுத்த தடவை ஆவடியில சி.டி.எச். ரோட்டோரம் நிக்கும்போது, கடந்து போற ஒரு குட்டியானையை நல்லா பாருங்க. அதான், 2005-ல வந்த டாடா ஏஸ். பின்னாடி லோடு ஏத்துற பாடியோட தகடு சமமா இருக்காது. நடுநடுவுல உள்ள அமுங்கி, மறுபடி மேல ஏறி வரும். அந்த மேடு பள்ளத்து மேலதான் வாட்டர் கேன் கம்பெனி பேரும், கேட்டரிங் கடை நம்பரும் ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும். கொஞ்சம் பழைய ஸ்டிக்கர்னா, அது எந்த இடத்துல தூக்கியிருக்குன்னு கவனிங்க. பெரும்பாலும் பள்ளம் ஆரம்பிக்கிற ஓரத்துலதான்.

முதல்ல ஒரு கேள்வி. தகட்டை எதுக்கு இப்படி அமுக்கி வைக்கிறாங்க? அழகுக்கா? அதுவும் உண்டு. ஆனா முக்கியமான காரணம் பலம். ஒரு தாளை ஒரு ஓரத்தைப் பிடிச்சு நீட்டினா தொங்கிடும். அதையே விசிறி மாதிரி மடிச்சு நீட்டினா நிமிர்ந்து நிக்கும். மெல்லிசான இரும்புத் தகட்டுக்கும் இதே கணக்குதான். மடிப்பும் பள்ளமும் இருந்தா தகடு அதிராது, எடையும் ஏறாது. அதனால வண்டி செய்றவங்களுக்கு அந்தப் பள்ளம் தேவை. அதுல பேர் எழுத வர்றவங்களுக்குத்தான் தலைவலி.

வண்டியைப் பத்திப் பேச ஆவடியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1961-ல இங்க கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-லிருந்து விஜயந்தா டாங்கிகள் இங்க உருவாச்சு. பக்கத்துல அம்பத்தூர்ல அதுக்கும் முன்னாடியே, 1949-ல, டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்துடுச்சு. 1964-ல அம்பத்தூர் தொழிற்பேட்டை. டாங்கியில தொடங்கி சைக்கிள் வரைக்கும், இரும்பை வளைச்சு அது மேல பேரையோ எண்ணையோ போடுற வட்டாரம் இது.

அந்தக் காலத்துல பேர் போடுறதுன்னா பிரஷ்தான். எனாமல் பெயிண்ட், மெல்லிசான முடி பிரஷ், கோடு நேரா வர சாக்பீஸ் தூள் தடவின நூல். நம்ம பெயின்டர் அண்ணன்களுக்கு, அதாவது ‘ஆர்ட்டிஸ்ட்’களுக்கு, பள்ளம் ஒரு பெரிய விஷயமே இல்ல. பெயிண்ட் தண்ணி மாதிரி. மேட்டுலயும் நிக்கும், பள்ளத்துலயும் நிக்கும். எழுத்தோட கால் பள்ளத்துல இறங்கினா, அதைக் கொஞ்சம் நீட்டி எழுதுவாங்க, தூரத்துல இருந்து பார்க்கும்போது நேரா தெரியும். ராணுவ வண்டி எண்ணைப் பார்த்திருப்பீங்க, மேல் நோக்கின அம்புக்குறி இருக்குமே, அதுவும் ஸ்டென்சில் வெச்சு பெயிண்ட்ல போடுற வழக்கம்தான். இந்தப் பக்கம் திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில, புல்லட் பெட்ரோல் டேங்க் மேல இருக்கிற அந்தத் தங்க நிறக் கோட்டைப் பல வருஷமா கையாலேயே இழுத்தாங்க. அந்த டேங்க்ல சமமான இடமே கிடையாது. கை அதுக்கேத்த மாதிரி வளைஞ்சு போகும்.

பிரஷ்ல இருந்த ஒரே சிக்கல் நேரம். நூறு வண்டிக்கு ஒரே மாதிரி பேர் வேணும்னா என்ன பண்றது? சைக்கிள் தொழில்ல இதுக்கு ஒரு வழி இருந்துச்சு: தண்ணி டிரான்ஸ்ஃபர். காகிதத்தைத் தண்ணியில நனைச்சா, மேல இருக்கிற படம் வழுக்கிட்டு வரும். அதைக் குழாய் மேல வெச்சுத் தடவிடணும். ரொம்ப மெல்லிசான படலம்கிறதால வளைவுல அழகா உட்காரும். ஆனா உள்ளங்கை அளவு படத்துக்குத்தான் இது சரி. ஒரு வேனோட முழுப் பக்கத்தையும் இதுல மூட முடியாது.

இப்ப கதைக்குள்ள வினைல் வருது. 1926. அமெரிக்காவில பி.எஃப். குட்ரிச் ரப்பர் கம்பெனி. வால்டோ செமன்னு ஒரு வேதியியலாளர். ரப்பரை இரும்போட ஒட்ட வைக்க ஒரு பசை தேடிட்டு இருந்தார். பசை கிடைக்கல. அதுக்குப் பதிலா, யாருக்கும் பெருசா உதவாம கிடந்த பி.வி.சி.யை வளையக்கூடிய பொருளா மாத்துற வழி கிடைச்சது. இரும்புல ஒட்டுறதுக்காகத் தொடங்கின தேடல்ல பிறந்த பொருள், நூறு வருஷம் கழிச்சும் இரும்புல சரியா ஒட்ட மாட்டேங்குது! அதே குட்ரிச்சோட தொழில்நுட்பக் கூட்டோட 1960-கள்ல நம்ம மேட்டூர்ல கெம்பிளாஸ்ட் பி.வி.சி. தயாரிக்க ஆரம்பிச்சதுங்கிறது ஒரு துணைக்கதை.

1935-ல ஸ்டான்டன் ஏவரி, உரிச்சு ஒட்டுற லேபிளைக் கொண்டு வந்தார். 1980-களோட தொடக்கத்துல, வியன்னாவில பிறந்து நாஜிகள்கிட்ட இருந்து தப்பி அமெரிக்கா போன ஜோசஃப் கெர்பரோட கம்பெனி, கம்ப்யூட்டர் மூலமா வினைல் எழுத்து வெட்டுற மெஷினை விற்க ஆரம்பிச்சது. 1990-கள்ல பெப்சி மாதிரி கம்பெனிகள் முழு பஸ்ஸையே படத்தால மூடினாங்க. அந்த மெஷினோட வாரிசுதான் இன்னைக்கு நம்ம ஊர் ‘ரேடியம் கட்டிங்’ கடையில ஓடுற பிளாட்டர். பேர்ல மட்டும்தான் ரேடியம். அந்த ஸ்டிக்கர்ல ரேடியம் துளிகூடக் கிடையாது.

எழுத்து வெட்டுறதுல மெஷின் கையை ஜெயிச்சிடுச்சு. ‘ழ’வோட வளைவு ஆயிரம் தடவையும் ஒரே மாதிரி வரும். ஆனா பள்ளத்துக்கிட்ட போய் மெஷின் நின்னுடுச்சு. ஏன்னு ஒரு சின்னக் கணக்குல பார்த்துடலாம்.

10 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழம், செங்குத்தா இறங்குற ஒரு பள்ளம்னு வெச்சுக்கோங்க. மேலோட்டமா ஒட்டினா 10 செ.மீ. ஃபிலிம் போதும். ஆனா உள்ள இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி ஏறணும்னா 2 + 10 + 2, மொத்தம் 14 செ.மீ. வேணும். மிச்ச 4 செ.மீ. எங்க இருந்து வரும்? ரெண்டு பக்கமும் ஏற்கனவே ஒட்டியாச்சு. அப்ப நடுவுல இருக்கிற 10 செ.மீ. இழுபட்டு 14 ஆகணும். அதாவது 40 சதவீத இழுவை.

இங்கதான் ஃபிலிமோட ரகம் முக்கியம். விலை குறைஞ்ச ரகம், பிளாஸ்டிக்கை ரோலருக்கு நடுவுல அழுத்தித் தேய்ச்சு எடுக்கிறது. சப்பாத்தி மாவு மாதிரி. தேய்ச்சுட்டுக் கையை எடுத்தா கொஞ்சம் உள்ள சுருங்கும் பாருங்க, அந்தக் குணம் இதுக்கும் உண்டு. விலை கூடின ‘காஸ்ட்’ ரகம், திரவமா ஊத்திச் சூட்டுல காய வைக்கிறது. தோசை மாதிரி. யாரும் இழுக்காம உருவானதால, திரும்பிப் போக நினைக்கிற பழைய வடிவம்னு அதுக்குப் பெருசா ஒண்ணும் கிடையாது. சப்பாத்தி ரகத்தைப் பள்ளத்துல இழுத்து ஒட்டினா, ஒட்டின அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். சித்திரை வெயில்ல தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்போது, ஃபிலிம் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அடியில மாட்டின காத்தும் சூட்டுல விரிஞ்சு மேல தள்ளும். கூடாரம் மாதிரி எழும்பிடும்.

தமிழுக்கு இதுல கூடுதலா ஒரு ஆபத்து இருக்கு. வெட்டி ஒட்டுற எழுத்துல மெய்யெழுத்தோட புள்ளி ஒரு தனிச் சின்னத் துண்டு. அது பள்ளத்து ஓரத்துல விழுந்து உரிஞ்சு போனா, ‘பால்’ வண்டி ‘பால’ வண்டி ஆயிடும்.

சரி, நல்லா ஒட்டுறவங்க என்ன பண்றாங்க? நிழல்ல வேலை செய்வாங்க. தகட்டுல எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு எதுவும் இல்லாம துடைப்பாங்க, முக்கியமா பள்ளத்தோட மூலையில. சமமான இடங்களை முழுசா அழுத்திட்டா அப்புறம் இழுக்க ஃபிலிம் இருக்காது. அதனால ஓரங்களைத் தளர்வா விட்டுட்டு, ஹீட் கன்னால இதமா சூடு பண்ணி, கிளவுஸ் போட்ட விரலால மெதுவா உள்ள இறக்குவாங்க. ஒரே இடத்துல இழுவை சேராம பரவ விடணும். இழுவை சேர்ந்தா பிரிண்ட்டோட கலர் அங்க வெளுத்துடும். பள்ளம் ரொம்ப ஆழமா இருந்தா இழுக்கவே மாட்டாங்க. பிளேடால ஃபிலிமை மட்டும் பதமா கீறி விட்டு, உள்ளுக்குத் தனித் துண்டு ஒட்டுவாங்க. கை கொஞ்சம் அழுத்தினா பெயிண்ட்ல கோடு விழும், பின்னாடி அங்கதான் துரு பிடிக்கும். கடைசியா, இழுத்த இடத்தை எல்லாம் மறுபடி நல்லா சூடேத்துவாங்க. பல ஃபிலிம்களுக்கு இது 90 டிகிரி செல்சியஸுக்கு மேல. அந்தச் சூட்டுலதான் ஃபிலிம் தன் பழைய வடிவத்தை மறக்கும். அவசரத்துல விட்டுப்போறதும் இந்தக் கடைசி வேலைதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பிரஷ் காலம் முடிஞ்சப்ப நாம எழுத்தை நினைச்சு வருத்தப்பட்டோம், அது நியாயம்தான். ஹனீஃப் குரேஷி மாதிரி கலைஞர்கள், இந்தியத் தெரு பெயின்டர்களோட எழுத்துகளைச் சேகரிச்சு டிஜிட்டல் எழுத்துருவா மாத்தினாங்க. அதனால கைத்திறமையோட கதை அங்கேயே முடிஞ்சதுன்னு நமக்குத் தோணுது. ஆனா திறமை காணாம போகல, இடம் மாறியிருக்கு. பிரஷ் பிடிச்ச விரல்ல இருந்து, சூடான ஃபிலிமைப் பள்ளத்துக்குள்ள இறக்குற விரலுக்கு வந்திருக்கு. பழைய பெயின்டர் போர்டு மூலையில தன் பேரைப் போட்டுக்குவார். ஸ்டிக்கர் ஒட்டுறவர் பேரை எங்கேயும் பார்க்க முடியாது.

காசுக் கணக்கும் அப்படித்தான். ஸ்டிக்கருக்கு நாம சதுர அடியில விலை கேக்கிறோம். சதுர அடிக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு. ஆழம் கிடையாது. நாம பார்த்த அந்த 4 செ.மீ. எந்த பில்லுலயும் வராது. அந்த 4 செ.மீ.க்காகக் குனிஞ்சு நிக்கிற நேரமும் வராது. சப்பாத்தி ரகத்தைப் போட்டு, கடைசிச் சூட்டை விட்டுட்டு, சீக்கிரம் முடிச்சு அனுப்புறவருக்கும், பொறுமையா செய்றவருக்கும் ஒரே ரேட்டுன்னா, பொறுமை எத்தனை நாள் தாங்கும்?

கேக்கிறவங்கள்ல நிறைய பேர் சொந்தமா ஏதாவது தொழில் தொடங்கியிருப்பீங்க, வண்டிக்கு ஸ்டிக்கர் போடுவீங்க. டிசைன் பண்ணும்போது முடிஞ்சவரைக்கும் ஃபோன் நம்பரையும் புள்ளி வெச்ச எழுத்தையும் சமமான இடத்துல வைங்க. என்ன ரக ஃபிலிம்னு கேளுங்க. ‘எத்தனை அடி’ன்னு கேட்டதுக்கு அப்புறம், ‘பள்ளத்துக்கு எவ்வளவு’ன்னும் சேர்த்துக் கேட்டு, அதுக்கும் காசு கொடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.