வாங்கியவர் மனம் மாறினால் நஷ்டம் யாருக்கு? 'ரிட்டர்ன்' விதிகளும் பாசிர் கூடாங் இணைய வியாபாரிகளின் சிக்கலும்

பாசிர் கூடாங், மாசாய், ஸ்ரீ ஆலாம் வட்டாரத்தில் பல பேருக்கு இன்று வீட்டு வரவேற்பறைதான் கடை. பகலில் தொழிற்சாலை, ஷிப்ட் முடிந்து வந்ததும் பார்சல் கட்டும் வேலை. புடவை, வளையல், பூஜைப் பொருள், மோட்டார் சைக்கிள் உதிரிபாகம், கைப்பேசி உறை என்று ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் தளங்களில் விற்காத பொருள் இல்லை.

இப்படி விற்பவர்களின் புலம்பலில் தளங்கள் பிடிக்கும் கமிஷனுக்கு அடுத்து வருவது 'ரிட்டர்ன்'. பொருளை வாங்கியவர் திருப்பி அனுப்புகிறார், தளம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. வந்து சேரும் பொருளைப் பார்த்தால் கிழிந்திருக்கிறது, அல்லது அது நாம் அனுப்பிய பொருளே இல்லை. "பொருளும் போச்சு, காசும் போச்சு" என்பார்கள்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? மலேசியச் சட்டம் இவற்றைக் கேட்கிறதா? விற்பவருக்கு என்ன வழி இருக்கிறது?

பணம் யார் கையில் இருக்கிறது?

இணையச் சந்தையில் வாங்குபவர் செலுத்தும் பணம் நேரே விற்பவருக்குப் போவதில்லை. தளம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பார்சல் கைக்கு வந்து, "பெற்றுக்கொண்டேன்" என்று வாங்கியவர் பொத்தானை அழுத்திய பிறகோ, அதற்கான காலக்கெடு முடிந்த பிறகோதான் பணம் விற்பவர் கணக்கில் விழும். ஷாப்பி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஷாப்பி கேரண்டி'. மற்ற தளங்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

சச்சரவு என்று வந்தால், பணத்தைக் கையில் வைத்திருக்கும் தளமே தீர்ப்பும் சொல்கிறது. வாங்குபவர் படமோ காணொலியோ ஏற்றுவார். விற்பவர் குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இரவு ஷிப்டில் இருந்ததால் கைப்பேசியைப் பார்க்கவில்லை என்றெல்லாம் யாரிடம் சொல்வது? கெடு தாண்டினால் பெரும்பாலும் பணம் வாங்கியவருக்குப் போய்விடும்.

முதலில் பொருள் உடைந்திருந்தால், தவறாக வந்திருந்தால், வராமலே போயிருந்தால் மட்டும்தான் இந்த ஏற்பாடு. பிறகு தளங்களுக்கு இடையே போட்டி வந்தது. ஷாப்பி மலேசியா '15 நாள் இலவச ரிட்டர்ன்' என்று விளம்பரப்படுத்தியது. 'மனம் மாறிவிட்டது' என்பதும் ஒரு காரணமாகப் பட்டியலில் ஏறியது. எந்த வகைப் பொருளுக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது தளத்துக்குத் தளம் வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். விற்பவர்களின் கோபம் பெரிதானது இந்த இடத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் அடிப்படைச் சட்டம் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். 2007-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு இணையத்தில் நடக்கும் விற்பனையும் இதற்குள் வந்தது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், எந்தக் காரியத்துக்கென்று விற்கப்பட்டதோ அதற்கு உதவ வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் பரிகாரம் கேட்கலாம். "விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்று அட்டை மாட்டிவிட்டு இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் சட்டம் தரும் உரிமை போகாது.

இணைய வணிகத்துக்கென்று 2012-ஆம் ஆண்டு தனி விதிமுறைகள் வந்தன, 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் 2024 டிசம்பர் 24-இல் அமலுக்கு வந்தன. விற்பவரின் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை போன்றவற்றை மறைக்காமல் காட்ட வேண்டும் என்பதுதான் இவற்றின் மையம்.

ஆனால் பொருளில் ஒரு குறையும் இல்லாதபோது, மனம் மாறியதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இந்தச் சட்டம் தரவில்லை. அது தளங்கள் தாங்களாக முன்வந்து கொடுக்கும் சலுகை. வாடிக்கையாளரைக் கவர்வதற்காகத் தளம் கொடுக்கும் சலுகைக்கு விற்பவர் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கவே செய்கிறது.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். சீனாவில் 2014 மார்ச் முதல் 7 நாள். அங்கெல்லாம் அது சட்டம் தந்த உரிமை. ஆனால் ஐரோப்பியச் சட்டம் கூடவே ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது: கடையில் தொட்டுப் பார்ப்பதற்கு மேல் பயன்படுத்திப் பொருளின் மதிப்பைக் குறைத்தால், குறைந்த மதிப்புக்கு வாங்கியவரே பொறுப்பு. விற்பவர் முதலில் ஒழுங்காக அறிவித்திருந்தால், திருப்பி அனுப்பும் கூலியும் வாங்கியவருடையது. 'இலவச ரிட்டர்ன்' என்பது அங்கேயும் சட்டம் கேட்காத ஒன்று.

ஒரு புடவையின் கணக்கு

எண்ணைப் போட்டுப் பார்த்தால் வலி புரியும். ஒரு புடவையை 70 வெள்ளிக்கு எடுத்து 95 வெள்ளிக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கட்டணங்கள் 12 வெள்ளி, பை, பெட்டி, டேப் எல்லாம் சேர்த்து 3 வெள்ளி. மிஞ்சுவது 10 வெள்ளி.

அந்தப் புடவை கறையோடு திரும்பி வந்தால்? தளம் தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும்கூட, சரக்கு விலையும் பொதி செலவும் சேர்ந்து 73 வெள்ளி போச்சு. அதை ஈடுகட்ட இன்னும் 8 புடவை விற்க வேண்டும். அந்த எட்டில் ஒன்று திரும்பி வராமல் இருக்க வேண்டும்.

நல்ல நிலையில் திரும்பினாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு போன புடவை, தீபாவளி முடிந்த மறுவாரம் திரும்பி வந்தால் அதை யாருக்கு விற்பது? அது கட்டிப் பார்த்ததா, கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்ததா என்று எப்படி நிரூபிப்பது? மடிப்பைப் பார்த்தாலே விற்பவருக்குத் தெரிந்துவிடும். தளத்தின் அதிகாரிக்கு, அதுவும் நாலு படத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு, அது தெரியாது.

இடைப்பட்ட நாட்களில் பணமும் முடங்கிக் கிடக்கும். பெரிய கடைக்கு அது ஒரு பொருட்டல்ல. மொத்த வியாபாரியிடம் கடன் சொல்லிச் சரக்கு எடுத்தவருக்கு அடுத்த சுற்றே நின்றுபோகும்.

ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது?

திருப்பி அனுப்புகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் சில வழிகள் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு நிகழ்ச்சிக்குப் போட்டுவிட்டுத் திருப்புவது. புது உதிரிபாகத்தை வைத்துக்கொண்டு, கெட்டுப்போன பழைய பாகத்தைப் பெட்டியில் போட்டு அனுப்புவது. வெறும் பெட்டியையோ எடைக்குச் சமமாக வேறு எதையாவதோ அனுப்புவது. மூன்று பொருளில் ஒன்று குறைந்தது என்று சொல்வது.

இவற்றில் விற்பவரை அதிகம் நோகடிப்பது, பொருளைத் திருப்பாமலேயே பணத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கும் முறை. மலிவான பொருளை மீண்டும் ஏற்றி இறக்கும் கூலி பொருளின் விலையைவிட அதிகம் என்பதால் தளங்கள் சில வேளை இப்படிச் செய்கின்றன. தளத்தின் பார்வையில் அது சிக்கனம். விற்பவர் பார்வையில் ஓசியில் கொடுத்த பொருள்.

இந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சீனாவில் பார்க்கலாம். பின்துவோதுவோ தளம் 2021-இல் 'பணம் மட்டும் திருப்பு' முறையைப் பெரிதாகக் கொண்டுவந்தது. போட்டியில் பின்தங்கிவிடக் கூடாது என்று 2023 இறுதியில் தாவ்பாவ், ஜேடி தளங்களும் அதே வழிக்கு வந்தன. அதைப் பயன்படுத்தி ஓசியில் பொருள் பெறுவது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் கூட்டமே உருவாகிவிட்டது. அதே நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த தெமுவுக்குச் சரக்கு கொடுப்பவர்கள், அபராதங்களையும் பிடித்து வைத்த பணத்தையும் எதிர்த்து 2024 ஜூலையில் குவாங்சோ அலுவலகத்தில் திரண்டார்கள். அரசு ஒழுங்குமுறை அமைப்புகளின் நெருக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் சீனாவின் பெரிய தளங்கள் அந்த முறையைக் கைவிட முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. சுமார் நான்கு ஆண்டுகள் ஆனது.

வாங்குபவர் பக்கம்

விற்பவர்கள் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டுப் போக முடியாது. இந்த விதிகள் சும்மா வரவில்லை. போலிப் பொருள், படத்தில் ஒரு நிறம் கையில் ஒரு நிறம், 'அசல் பட்டு' என்று வந்த பாலியஸ்டர், வாரக்கணக்கில் வராத பார்சல் என்று பட்டவர்கள் ஏராளம். பணம் திரும்ப வரும் என்ற தைரியம் இருப்பதால்தான், பேர் தெரியாத ஒரு மாசாய் வியாபாரியிடம் கோத்தா பாருவில் இருப்பவர் பொருள் வாங்குகிறார். அந்தத் தைரியத்தை எடுத்துவிட்டால் முதலில் வாடிக்கையாளரை இழப்பது சின்ன விற்பனையாளர்தான், பெரிய பிராண்டு அல்ல.

அளவு அட்டவணை போடாமல் ரவிக்கை விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் ரிட்டர்னுக்குத் தளத்தைக் குறை சொல்வது கொஞ்சம் அதிகம்.

விற்பவர் எங்கே முறையிடலாம்?

இங்கேதான் பெரிய ஓட்டை. மலேசியப் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றம் மலிவானது, எளிதானது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரலை விசாரிக்கும், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே வழக்குப் போடக்கூடியவர் பயனீட்டாளர் மட்டுமே. வாங்கியவர் உங்கள்மேல் கோரலாம், நீங்கள் அவர்மேல் கோர முடியாது. மறுவிற்பனைக்காகச் சரக்கு எடுப்பவரைச் சட்டம் பயனீட்டாளராகக் கருதுவதில்லை.

தளத்தோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது என்று வாதாடலாமா? பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான பகுதி சேர்க்கப்பட்டது உண்மைதான். அதுவும் பயனீட்டாளருக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் தளங்களுக்கும் அவற்றில் விற்கும் வணிகர்களுக்கும் இடையிலான உறவுக்கே தனிச் சட்டம் இருக்கிறது. விதியை மாற்றுவதென்றால் பொதுவாகக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, பெரிய தளங்களுக்குள் முறையான புகார்ப் பிரிவு, கணக்கை முடக்கினால் எழுத்தில் காரணம். ஆஸ்திரேலியாவில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான பாதுகாப்பு 2016 முதல் சிறு வணிகர்களுக்கும் உண்டு. இங்கேயும் அப்படி ஒன்று வராதவரை, உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்பதும், சங்கமாகச் சேர்ந்து குரல் கொடுப்பதும்தான் மிச்சம்.

வாங்கியவர் திட்டமிட்டு மோசடி செய்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அது வேறு கதை. பொருளை மாற்றி வைத்துப் பணத்தைப் பெறுவது, தண்டனைச் சட்டத் தொகுப்பின் 420-ஆவது பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றமாகலாம். ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. 95 வெள்ளி புடவைக்கு யார் போலீஸ் நிலையம் ஏறுவார்கள் என்பது நியாயமான கேள்வி. ஒரே ஆள் பல பேரிடம் இதைச் செய்திருந்தால், பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து புகார் கொடுக்கும்போது அதற்கு எடை கூடும். பாசிர் கூடாங், மாசாய் வட்டாரம் ஸ்ரீ ஆலாம் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் கீழ் வருகிறது.

ஆதாரம் இல்லாமல் எதுவும் நடக்காது

தளத்தின் சச்சரவுப் பிரிவானாலும் போலீசானாலும் முதலில் கேட்பது காணொலி. பொதி கட்டும்போதே எடுங்கள்: பொருள், அதன் வரிசை எண் அல்லது ஏதாவது அடையாளம், ஒட்டப்படும் முகவரிச் சீட்டு, மூன்றும் வெட்டில்லாத ஒரே காணொலியில் வர வேண்டும். மூடிய பெட்டியைத் தராசில் வைத்து எடையையும் காட்டுங்கள். திரும்பி வரும் பெட்டியைத் திறக்கும்போதும் அப்படியே, பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய, சீட்டில் இருந்து தொடங்குங்கள். டேப்பை வெட்டிவிட்டு அப்புறம் கேமராவைத் தேடினால் பயனில்லை.

துணிமணிக்கு, கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத அட்டையை வெளியே தெரியும் இடத்தில் கோக்கலாம். அட்டை இல்லாவிட்டால் திரும்பப் பெற மாட்டோம் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதுவதற்கு முன், உங்கள் தளத்தின் விதி அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பொருளில் குறை இருந்தால் அந்த வாசகம் சட்டப்படி செல்லாது.

வாங்கியவரோடு பேசுவதைத் தளத்தின் சாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் ஒப்புக்கொண்டதைத் தளம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் என்பது நிச்சயமில்லை. காணொலிகளை ரிட்டர்ன் காலம், மேல்முறையீட்டுக் காலம் இரண்டும் முடியும் வரை அழிக்காதீர்கள். நினைவகம் நிறைந்துவிட்டது என்று எல்லாரும் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.