இமயம் இழுத்த தூக்குக்குண்டு

பொருளுக்குப் பொருள் ஈர்ப்பு உண்டு. அவ்வீர்ப்பு பொருண்மை மிக மிக மிகும், தொலைவின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறையும் என்பது 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் உலகிற்கு அளித்த விதி. இவ்விதி மெய்யாயின், நிலவுலகம் மட்டுமன்றி ஒரு மலையும் தன் அருகில் தொங்கும் தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்தல் வேண்டும். 1774-இல் மாஸ்கெலின் என்னும் வானநூலார் ஸ்காட்லாந்திலுள்ள ஷிஹாலியன் மலையின் இருபுறத்தும் குண்டைத் தொங்கவிட்டு, இரு பக்கத்துச் சாய்வும் சேர்ந்து ஏறத்தாழ 11.6 விகலை எனக் கண்டார். ஒரு பாகையை 3,600 கூறு செய்தால் ஒரு கூறே விகலை. நம் கொத்தனார் சுவர் எழுப்புகையில் இதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் நாடு முழுவதையும் அளப்பவன் பொருட்படுத்தாதிருக்க இயலாது. அந்தக் கதை நம் பாரத நாட்டில் நடந்தது. தொடங்கிய இடமோ நம் சென்னை.

1802-ஆம் ஆண்டு பரங்கிமலைக்கருகே வில்லியம் லாம்டன் என்பார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அக்கோட்டின்மேல் ஒரு முக்கோணம், அதன் பக்கத்தின்மேல் மற்றொன்று என வலை பின்னிக்கொண்டே தென்னாடு முழுதும் சென்றார். அரை டன் எடையுள்ள அவரது தியோடலைட் கருவி 1808-இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றப்படுகையில் மோதி நெளிந்துபோக, பல வாரம் கூடாரத்தில் அமர்ந்து அதைத் தாமே சீர்செய்தார். அத்தகைய உள்ளம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? 1823-இல் வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் ஹிங்கண்காட்டில் உயிர் நீத்தார். நாகபுரியிலிருந்து சென்னை செல்லும் அன்பர்கள் சேவாகிராமத்திற்குப் பின் அந்நிலையத்தைக் கடந்தே செல்கின்றனர். எட்டிப் பார்ப்பார்தாம் அரியர்.

அவர் விட்ட பணியை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசேன் என்னும் கைவினைஞர் இந்த அளவைத் துறையில் கருவிகள் செய்பவராகப் பணி உயர்ந்தார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. கொடி பிடித்தும் விளக்கேந்தியும் காட்டுக் காய்ச்சலில் மாண்ட கலாசிகளின் பெயர்களையோ அறிவார் இல்லை.

நிற்க. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கலியான்பூருக்கும், மீரட்டிற்கு வடக்கே உள்ள கலியானாவிற்கும் இடையே அட்சரேகை வேறுபாடு ஐந்து பாகைக்குச் சற்று மேல். முக்கோணங்களால் நிலத்தை அளந்து கண்ட விடை ஒன்று; விண்மீன்களை நோக்கிக் கண்ட விடை மற்றொன்று. இரண்டிற்கும் வேற்றுமை 5.236 விகலை. நிலத்தில் இது ஐந்நூறு அடிக்குச் சற்று மேல். அறுநூறு கிலோமீட்டர் தொலைவில் ஐந்நூறு அடி பெரிதா எனலாம். கணக்கு அலுவலகத்தில் இருந்து பழகியவர் அப்படிக் கேட்கமாட்டார். பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறதோ என்றே அவர் மனம் அலையும். எவரெஸ்ட் இதை அளவையில் சிறிது சிறிதாகச் சேர்ந்த பிழையாகக் கொண்டு, முக்கோணங்களுக்குப் பகிர்ந்தளித்துக் கணக்கை நேர் செய்தார்.

கல்கத்தாவில் கிறித்துவ ஆர்ச்டீக்கனாக இருந்த ஜான் ஹென்றி பிராட்டுக்கு இது மனநிறைவு அளிக்கவில்லை. அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். கலியானாவில் குண்டு இமயத்தின்பால், அதாவது வடக்கே, சாய்ந்திருக்கும்; குண்டு வடக்கே போனால் உச்சிப்புள்ளி தெற்கே போகும்; ஆகவே விண்மீன் கணக்கில் அட்சரேகை குறைந்து தோன்றும். குறை நேர்ந்திருப்பதும் அத்திசையிலேயே! மலைகளையும் திபெத்து மேட்டுநிலத்தையும் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஈர்ப்பையும் நியூட்டன் விதிப்படி கணித்துக் கூட்டினார். வந்த விடை 15.885 விகலை. வேண்டியது ஐந்து, வந்ததோ பதினைந்துக்கு மேல். இமயம் இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே இழுத்தது.

இந்த இடத்தில் விதியையே ஐயுறலாம், அல்லது மலையை ஐயுறலாம். அறிஞர் மலையை ஐயுற்றனர். பிராட்டின் கட்டுரை வெளிவந்த அதே 1855-இல், இங்கிலாந்தின் அரச வானநூலார் ஏரி விடையொன்று பகர்ந்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் ஒன்று மற்றவற்றினும் உயர்ந்து தோன்றினால், அது நீருக்குள்ளும் ஆழ்ந்திருக்கிறதென்றே பொருள். மலையும் அவ்வாறே, கனத்த அடிப்பொருளில் இலேசான வேர் புதைத்து மிதக்கிறது. மேலே மிகுந்த பொருண்மை கீழே குறைந்துவிடுவதால் ஈர்ப்பும் குறைகிறது. பிராட்டு 1859-இல் வேறு விளக்கம் தந்தார். அடிமட்டம் எங்கும் ஒரே ஆழம்; மலைக்குக் கீழுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது என்றார். இக்கொள்கைக்கு 'ஐசாஸ்டசி' எனப் பின்னர் பெயரிட்டவர் அமெரிக்கராகிய டட்டன். நாம் சமநிலை மிதப்பு எனலாம்.

சொன்னது போதுமா? அளந்து காட்டல் வேண்டும். காப்டன் பசேவி 1865 முதல் நாடெங்கும் ஊசல் கருவியைத் தூக்கிச் சென்று, அது ஆடும் விரைவால் ஈர்ப்பை அளந்தார். லடாக்கில் 15,000 அடிக்கு மேற்பட்ட மோரே சமவெளியிலும் ஊசலை ஆட்டினார். உயரத்தால் குறைய வேண்டியதைக் கழித்து, காலடியிலுள்ள மேட்டுநிலத்தின் ஈர்ப்பைக் கூட்டிப் பார்த்தபோதும், இருக்க வேண்டியதைவிட ஈர்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது. 1871-இல் அதனினும் உயர்ந்த இடத்தில் அளக்கச் சென்ற அவர் அக்குளிரில் உயிர் துறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பிராட்டும் காஜிப்பூரில் காலமானார்.

நிலநடுக்க அலைகளைக் கொண்டு பின்னர் ஆராய்ந்ததில், இமயத்திலும் திபெத்திலும் ஏரி சொன்ன வேர் உண்டென்பது உறுதியாயிற்று. மற்ற நிலப்பகுதிகளில் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் தடிப்புள்ள மேலோடு அங்கு எழுபது கிலோமீட்டர் வரை செல்கிறது. வேறு சில இடங்களில் பிராட்டின் கூற்றும் பொருந்துகிறது. கடலடி மலைத்தொடர்கள் அதற்குச் சான்று.

2002-இல் இரட்டைத் துணைக்கோள்கள் ஏவப்பட்டு, புவியின் ஈர்ப்பு வானிலிருந்தே அளக்கப்பட்டது. உலகிலேயே ஈர்ப்பின் மட்டம் மிகத் தாழ்ந்த இடம் குமரிக்கும் இலங்கைக்கும் தெற்கேயுள்ள கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்துள்ளது. கப்பலில் செல்பவர் கண்ணுக்கு அப்பள்ளம் தெரியாது. நீரும் கப்பலும் தூக்குக்குண்டும் ஒருங்கே அதற்கு இணங்கி நிற்பதே காரணம். அக்குறை ஏன் நேர்ந்தது என்பது பற்றி இன்றும் ஆராய்ச்சி நடந்து வருகிறது.