பின்னால் நின்று தள்ளுகிறவன்

மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயில் நிற்கும்போது குழந்தைகள் என்ஜினைத் தேடி வண்டியின் தலைப்பக்கம் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு பெட்டியும், கையில் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேனும்தான் இருப்பார்கள். என்ஜின் வால்பக்கம் இருக்கிறது. குன்னூர் வரையில் அது வண்டியை இழுப்பதில்லை, தள்ளுகிறது.

'எக்ஸ்' வகுப்பு என்று பெயர். ஸ்விட்ஜர்லாந்தில் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் 1914 முதல் 1925 வரை 12 என்ஜின்களும், 1952-ல் மேலும் 5 என்ஜின்களும் உருவாயின. மொத்தம் 17. சின்னக் குடும்பந்தான்.

கல்லாறு தாண்டினால் 12.5 அடிக்கு ஓரடி ஏற்றம். மனிதனுக்கு இது ஒரு பொருட்டல்ல. வழவழப்பான தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சக்கரத்துக்கோ வழுக்குமரந்தான். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்வரிசைகள் வைத்தார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி இருக்கும். எந்த நிமிஷமும் பிடி விடாது. ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் எஞ்சினீயரின் யுக்தி இது.

என்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். பக்கத்துக்கு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. சாதாரணப் பாதையில் கீழ் ஜோடி மட்டும் உழைக்கும். பல்வரிசை வந்ததும், கீழ் ஜோடி உபயோகித்த நீராவி வெளியே போய்விடாமல் மேல் ஜோடிக்குள் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். சாதம் வடித்த கஞ்சியையும் கொட்ட மனம் வராத நம் வீட்டுப் பெண்களின் சிக்கனம் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஏறும்போது அது மூச்சுவாங்குவதைக் கண்டு எல்லாரும் 'ஆஹா' என்கிறார்கள். எனக்கோ இறங்குவதுதான் பெரிய காரியமாகப் படுகிறது. பெட்டிகளின் பாரமெல்லாம் அதன் முதுகில் சாய்கிறது. ஏற்றிய சிலிண்டர்களே இப்போது காற்றை அமுக்கி, எதிர்த்துத் தாங்குகின்றன. பெட்டிக்கொரு பிரேக்ஸ்மேன் வேறு.

1952-க்குப் பிறகு விண்டர்தூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. இருந்தவை கிழடாகிக்கொண்டு வந்தன. 2005-ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கௌரவம் வந்துவிட்டால் என்ஜின் ஓடிவிடுமா? தேசமெங்கும் நீராவி மறைந்துவிட்ட நாளில், திருச்சி பொன்மலைத் தொழிற்சாலைக்காரர்கள் அந்தப் பழைய அமைப்பிலேயே புதிது செய்யத் துணிந்தார்கள். 2011 தொடங்கி, எண்ணெயில் எரிவன நான்கு. 2021-ல் நிலக்கரியில் எரிவது ஒன்று. பட்டம் கொடுத்தவர்களைவிட இந்தக் கொல்லர்களுக்கே என் கும்பிடு.

குன்னூருக்கு மேலே பல்வரிசை கிடையாது. அங்கே டீசல் என்ஜின் வந்து வண்டியை ஊட்டிக்கு வாங்கிக்கொண்டு போகிறது. எக்ஸ் தண்ணீர் குடித்துவிட்டு, கீழே போகும் வண்டிக்காக நிற்கிறது.